தென்கச்சியார் பேசினார்... நாம் எப்போது பேசப் போகிறோம்?

(மூன்றாமாண்டு, எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், காதல் இருக்கும், ஆசிரியர்களுக்கு நன்றி இருக்கும். நான் எழுதப் போவது ஒரு தோல்வியைப் பற்றி. அது என்னுடைய தோல்வி. கூடவே, அந்தத் தோல்வியிலிருந்து என்னைத் தூக்கி உட்கார வைத்த ஒரு மனிதரைப் பற்றி. அவரை நான் பார்த்ததில்லை. இனி பார்க்கவும் முடியாது.

முதலில் தோல்வி.

வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியிலிருந்து வந்திருந்தார்கள். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். அண்ணன் முறை வேண்டிய ஒருவரின் சட்டை, விடுதி நண்பனின் ஷூ, என்னுடையது என்று சொல்ல என் உடம்பு மட்டும்தான்! உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிரித்த முகமாகத்தான் கேட்டார். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்."

நாலு வரி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். முதல் வரியில் என் பெயர் இருந்தது. அதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வரி வரவில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் இருந்தவர் இரக்கப்பட்டு, "தமிழ்லயே சொல்லுப்பா" என்றார். அப்பவும் வரவில்லை!

இதுதான் நண்பர்களே, என்னைக் குத்தியது. இங்கிலீஷ் வரல, சரி. பத்தாங்கிளாஸ் வரைக்கும் தமிழ் மீடியம், தாங்கிக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷமாகப் பேசிய தமிழ் அந்த நேரத்தில் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசல் நடையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சுளகு. தலை நிமிராமலே கேட்டாள்.

"என்னத்தலே கேட்டாவ?"

"என்னப் பத்திச் சொல்லச் சொன்னாவ."

"அவ்வளவுதானா? சொல்லிட்டு வர வேண்டியதுதானலே!"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா வாழைத்தார் சுமக்கிறார். லாரி ஏற்றுகிற கூலி. என்னைப் பற்றிச் சொல்வதென்றால் இதைத்தானே சொல்ல வேண்டும்? இதைச் சொல்லக் கூச்சம். வேறு எதைச் சொல்வது என்று தெரியவில்லை. அதனால்தான் வாய் அடைத்துப் போச்சு.

ஆச்சி சொன்ன ஆள்

அன்றைக்கு ராத்திரி சாப்பிடப் பிடிக்காமல் படுத்திருந்தேன். அம்மாவுக்குப் பீடி சுற்றும்போது ஏதாவது பேச்சுச் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னே ரேடியோ, இப்போ செல்போன். அதில் ஒரு பழைய பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் பேசுகிறார். கம்பீரமான குரலா? கிடையவே கிடையாது. அவசரமே இல்லாமல், இழுத்து இழுத்து, மத்தியானத் தூக்கம் கலைந்து திண்ணையில் வந்து உட்கார்ந்த பெரியவர் மாதிரி ஒரு பேச்சு. ஏதோ ஒரு விஷயத்தைச் சொல்கிறார். கடைசியில் ஒரு சின்னக் கதை, அதில் ஒரு சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. அம்மாவும் ஆச்சியும் சிரிக்கிறார்கள்.

"யாரு ஆச்சி இது?"

"தென்கச்சி சுவாமிநாதன்லா! இவரு மொதல்ல நம்ம திருநெவேலி ஸ்டேஷன்ல இருந்தவரு. விவசாயம் சொல்லுவாரு. ஒங்க தாத்தா வயல்ல இருந்து வந்ததும் ரேடியோவத்தான் திருக்குவாவ."

நான் எழுந்து உட்கார்ந்தேன். நம்ம ஊரு ஸ்டேஷனா?

தேடிப் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்கச்சி கோ. சுவாமிநாதன் பிறந்தது 1946-ல். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள தென்கச்சிப்பெருமாள்நத்தம்தான் அவர் கிராமம். அந்த ஊர்ப் பெயரைத்தான் கடைசிவரை தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். படித்தது தமிழ் இலக்கியம் இல்லை, பேச்சுக்கலை இல்லை. கோயம்புத்தூரில் விவசாயப் பட்டம்! அதாவது நம்மை மாதிரி ஒரு தொழில் படிப்புக்காரர். 1970-களின் பிற்பகுதியில் திருநெல்வேலி வானொலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிக்காக வேலைக்குச் சேர்ந்தார். 1980-களின் நடுவில் சென்னை நிலையத்துக்குப் போனார். அங்கேதான் 'இன்று ஒரு தகவல்' பிறந்தது. காலையில் சில நிமிஷம். பத்து வருஷத்துக்கும் மேலாக அந்தச் சில நிமிஷத்துக்காகத் தமிழ்நாடே காத்திருந்தது. அப்புறம் சன் தொலைக்காட்சியில் 'இந்த நாள் இனிய நாள்'. ரேடியோவில் குரலாக மட்டும் இருந்தவரை மக்கள் முகமாகவும் பார்த்தார்கள். பேசியதெல்லாம் புத்தகங்களாக வந்தன. 2009 செப்டம்பர் 16-ம் தேதி மறைந்தார். அப்போது நான் கைக்குழந்தை. எனக்கு ஒழுங்காகப் பேச்சு வராத வயசு. (இப்போதும் வரவில்லை என்று அந்தக் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள்!)

நெல்லும் ரேடியோவும்

நண்பர்களே, ஒன்றைக் கவனியுங்கள். அவர் முதலில் பேசக் கற்றுக்கொண்டது பொழுதுபோக்குக்காக இல்லை. விவசாயிக்காக.

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பரில் தொடங்கியது. அந்தக் காலத்தில் ரேடியோவுக்கு என்ன மரியாதை தெரியுமா? தஞ்சாவூர் பக்கம் 1960-களில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே பரப்பியது. விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'! விஞ்ஞானி கண்டுபிடித்த நெல்லுக்கு, அதை எடுத்துச் சொன்ன பெட்டியின் பெயர். கண்டுபிடிப்பது பாதி வேலை, சொல்லிப் புரிய வைப்பது மீதிப் பாதி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அப்படிப்பட்ட வேலைக்குத்தான் தென்கச்சியார் நம்ம ஊருக்கு வந்தார். கேட்கிறவர்கள் யார்? கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் காரும் பிசானமும் போட்டு, களைத்துப் போய் வீடு திரும்புகிற எங்கள் தாத்தா மாதிரி ஆட்கள். அவர்களிடம் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் என்று பாடம் நடத்தினால் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். பரீட்சை கிடையாது, அட்டெண்டன்ஸ் கிடையாது, கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அதனால்தான் விவசாயத் துறையில் எவ்வளவு அழகான சொற்கள் இருக்கின்றன பாருங்கள்! தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. நைட்ரஜன் தழையை வளர்க்கும், பாஸ்பரஸ் மணி பிடிக்க வைக்கும். சொல்லைச் சொன்னாலே வேலை புரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடமே போகாத எங்கள் தாத்தா உரக்கடையில் போய் மணிச்சத்து எது என்று விவரமாகக் கேட்பாராம். ஒரு ஆளைப் படித்தவனாக ஆக்குவதற்குச் சில சமயம் ஒரு நல்ல சொல் போதும்.

இப்போது நம்ம எலெக்ட்ரானிக்ஸுக்கு வருவோம். மூன்று வருஷம் படித்தோமே, நம்ம அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு விஷயம் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை. அப்படியானால் எனக்கே அது புரிந்ததா, இல்லை நோட்டில் இருந்ததைப் பரீட்சைத் தாளுக்கு இடம் மாற்றி வைத்தேனா?

வாழைத்தார் லாரி

ஒருநாள் துணிந்து அம்மாவிடமே சோதனை செய்தேன். "ரேடியோ எப்படிப் பாடுதுன்னு சொல்லட்டுமா?" என்றேன். "சொல்லேன்" என்றாள். கை பீடியில், காது என்னிடம்.

ஆம்ப்ளிட்யூட் மாடுலேஷன். நமக்கு அது பத்து மார்க் கேள்வி. அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அப்பாவின் லாரி ஞாபகம் வந்தது.

"வாழைத்தார் தானா நடந்து கேரளாவுக்குப் போகுமா? போகாது. லாரியில ஏத்தி விடணும். மனுஷக் குரலும் அப்படித்தான். அதால ரொம்ப தூரம் போக முடியாது. அதனால ஸ்டேஷன்ல ஒரு லாரி வச்சிருக்காவ. அதுக்குப் பேரு கேரியர். குரல் ஏறி இறங்குற மாதிரியே அந்த லாரியில சரக்கோட உயரமும் ஏறி இறங்கும். நம்ம வீட்டு ரேடியோ என்ன செய்யும்? அந்த நம்பர் லாரி வருதான்னு பார்த்து, நிறுத்தி, தாரை மட்டும் இறக்கிக்கிடும். லாரி நமக்குத் தேவையில்ல."

"லாரிக்கு நம்பரு உண்டா?"

"உண்டு. நம்ம திருநெல்வேலி ஸ்டேஷன் நம்பரு 1197."

இதைக் கேட்டதும் ஆச்சி உள்ளேயிருந்து, "ஆமா, ஒங்க தாத்தா முள்ள அதுலதான் நிப்பாட்டுவாவ" என்றாள். 1197 கிலோஹெர்ட்ஸ்! வினாடிக்கு 11,97,000 அதிர்வு. வெளிச்சத்தின் வேகத்தை அதால் வகுத்தால் அலையின் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். இதை நான் நூறு தடவை கணக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் தாத்தா தினமும் விரலால் திருகிய எண் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அப்புறம்தான் அம்மா ஒரு கேள்வி கேட்டாள். "நான் சின்னப்பிள்ளையா இருக்கையில, பகல்ல கேக்காத தூரத்து ஸ்டேஷனெல்லாம் ராத்திரி ஆனா கணீர்னு கேக்குமே, அது ஏம்லே?"

நான் திகைத்துப் போனேன். ஏனென்றால் இது ஸ்கை வேவ் பாடம்! பூமிக்கு மேலே 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் 'டி லேயர்' என்று ஒன்று இருக்கிறது. பகல் வெயிலில் அது உருவாகி, மத்திய அலையை மேலே போக விடாமல் உறிஞ்சிவிடும். சூரியன் போனதும் அது மறைந்துபோகும். அலை இன்னும் உயரே போய், அங்கே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பித் தூரத்து ஊரில் இறங்கும். இதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பீடி சுற்றிக்கொண்டே இதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது அம்மா! அவளுக்குக் கேள்வி தெரியும், விடை தெரியாது. எனக்கு விடை தெரியும், அது எந்தக் கேள்விக்கு விடை என்று தெரியாது. இதற்கு முன் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை.

சிலோனில் இருந்து வந்த குரல்

தூரத்து ஸ்டேஷன் என்றதும் இலங்கை வானொலியைச் சொல்லாமல் விட முடியாது. நம்ம தென் மாவட்டத்துக்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி. நடுவில் இருப்பது கடல், உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதனால் மத்திய அலை தரையைவிடக் கடல்மேல் சுகமாகப் போகும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' கேட்டுத்தான் வாசல் தெளித்தோம் என்று ஆச்சி சொல்கிறாள்.

அங்கேயிருந்து வந்தவர்தான் பி.எச். அப்துல் ஹமீத். கொழும்புக்காரர். இலங்கை வானொலியில் 'பாட்டுக்குப் பாட்டு' நடத்தியவர். 1990-களில் அதே போட்டியைச் சன் தொலைக்காட்சியில் நடத்தித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தார். ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகக் கழுவித் துடைத்து வைத்தது மாதிரி உச்சரிப்பு. 2000-ல் வந்த 'தெனாலி' படத்தில் கமல்ஹாசன் இலங்கைத் தமிழ் பேசி நடிப்பதற்கு யோசனை கேட்டது இவரிடம்தான்.

இப்போது இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் தமிழ் தெளிந்த நீர். இன்னொருவர் தமிழ் திண்ணைப் பேச்சு. ஒருவரை மாதிரி இன்னொருவர் பேச முயற்சி செய்யவில்லை. இரண்டு பேருமே ஜெயித்தார்கள். அப்படியென்றால் ஜெயித்தது உச்சரிப்பு மட்டுமா? கேட்கிறவர்மேல் வைத்த மரியாதை என்று நான் சொல்வேன். அந்தப் பக்கம் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு வேலை இருக்கிறது, அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது, அவருக்குப் புரியாவிட்டால் தப்பு என்னுடையது. இந்த எண்ணம் இரண்டு பேரிடமும் இருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? வகுப்பில் செமினார் என்றால் தரையைப் பார்த்துக்கொண்டு ஒப்பிக்கிறோம். கேட்கிறவனுக்குப் புரிந்ததா என்று ஒருநாளாவது நிமிர்ந்து பார்த்திருக்கிறோமா? "ஏலே, சீக்கிரம் முடி" என்று பின் பெஞ்சில் ஒருவன் சொல்வான், நாமும் முடித்துவிட்டு வந்து உட்காருவோம். நம்ம நெல்லைப் பேச்சை வெளியூர்க்காரன் முன்னால் மறைக்கிறோம். மறைத்து மறைத்துக் கடைசியில் பேச்சையே தொலைத்துவிட்டோம்.

சிலர் கேட்கலாம்...

"ரேடியோ காலம் போச்சு, இப்போ போய் தென்கச்சியா?" என்று கேட்கலாம். பெட்டிதான் மாறியிருக்கிறது நண்பர்களே. செல்போனில் அரை நிமிஷம் பேசுகிற ஆளுக்கும், காலையில் சில நிமிஷம் பேசிய அவருக்கும் விதி ஒன்றுதான். பிடிக்காவிட்டால் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவான். அன்றைக்குக் குமிழைத் திருகினான், அவ்வளவுதான் வித்தியாசம்.

"வேலைக்கு இங்கிலீஷ்தானே கேட்கிறார்கள்?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலீஷ் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். அப்படிச் சொல்கிறவன் நம்மைக் கிணற்றில் தள்ளுகிறான். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நமக்கு இங்கிலீஷ் அவசியம், அதை நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மூன்று பேர் முன்னால் எனக்குத் தமிழும் வரவில்லையே! சொல்வதற்கு உள்ளே ஒன்று இருந்து, அதைச் சொந்தப் பேச்சில் ஒருமுறையாவது சொல்லிப் பழகியிருந்தால்தானே அதை இங்கிலீஷுக்குக் கொண்டுபோக முடியும்? வெறும் லாரியை மட்டும் அனுப்பி என்ன பிரயோஜனம்? தார் வேண்டாமா?

"அவருக்குத் திறமை பிறவியிலேயே இருந்திருக்கும்" என்பவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் சென்னைக்குப் போய்ப் புகழ் பெறுவதற்கு முன்னால் வருஷக்கணக்கில் நம்ம ஊரில் உரம், பூச்சி, விதை என்று பேசியிருக்கிறாரே, அந்தப் பழக்கத்தை மறந்துவிட வேண்டாம். தாமிரபரணிக் கரை விவசாயிகளின் காதுதான் அவருக்குப் பயிற்சிக்கூடம் என்று நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

ஒரு யோசனை

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் பணம் ஒதுக்குகிறோம். இதற்குப் பணமே வேண்டாம். வாரத்தில் ஒருநாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒர்க்ஷாப் பக்கத்து வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம். இரண்டு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம். விதிகள் நாலே நாலு. கையில் காகிதம் கூடாது. படித்த பாடத்தில் ஒரே ஒரு விஷயம். நம்ம வீட்டில் படிக்காத ஒருவருக்குப் புரிகிற தமிழில் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு சிரிப்பு வர வேண்டும், வராவிட்டால் பேசியவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும்!

சிவில் நண்பன் கான்கிரீட்டுக்கு ஏன் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லட்டும். மெக்கானிக்கல் நண்பன் லாரியின் கியர் ஏன் ஏற்றத்தில் மாறுகிறது என்று சொல்லட்டும். எலெக்ட்ரிக்கல் தோழி வீட்டுக்கு எர்த் ஏன் வேண்டும் என்று சொல்லட்டும். அந்த ஒரு பேச்சு யாராவது ஒருவர் வீட்டில் ஒரு உயிரையே காப்பாற்றலாம். முதல் வாரம் நான் பேசுகிறேன். தலைப்பு ரெடி: 'வாழைத்தார் லாரி'.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் பிராக்டிகல் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மாடுலேஷன் பற்றிக் கேட்டபோது, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாக லாரியை ஓட்டிவிட்டேன். அவர் சிரித்தார். சிரித்துவிட்டு, "சரி, ஓவர் மாடுலேஷன் ஆனா என்ன ஆகும்?" என்றார். "சரக்கு ரொம்ப ஏத்தினா சரிஞ்சிரும் சார்" என்றேன். அப்புறம் அதை அலைவடிவமாக வரைந்தும் காட்டினேன். அந்த ஐந்து நிமிஷம் என் வாய் அடைக்கவில்லை.

அடுத்த கம்பெனி வரும்போது அதே கேள்வியைத்தான் கேட்பார்கள். என்னைப் பற்றிச் சொல்லச் சொல்வார்கள். இந்த முறை முதல் வரியில் என் பெயர். இரண்டாவது வரியில் அப்பாவின் வாழைத்தார். மூன்றாவது வரியில் அம்மா கேட்ட கேள்வி. நாலாவது வரி தானாக வந்துவிடும்.

நம் வீடுகளில் கேள்விகள் காத்திருக்கின்றன நண்பர்களே. விடைகளை நாம் நோட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

வாயைத் திறப்போம்! வீட்டிலிருந்தே தொடங்குவோம்!